மத்தேரா: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா? (தென் இத்தாலி, ஏப்ரல் கடைசி)

மழைச்சாரல்:

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம், நான், கணவர், ஒன்பது வயதுப் பையன். ஏப்ரலில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். அவரை இத்தாலிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ரோம், வெனிஸ் கூட்டத்தில் அவரை நிற்க வைக்க மனசில்லை, அதனால் தெற்குப் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது மத்தேரா கண்ணில் பட்டது. பள்ளத்தாக்கின் விளிம்பில் பாறையைக் குடைந்து கட்டிய ஊர். படத்தைப் பார்த்ததிலிருந்து பையன் வேறு எங்கேயும் வர மாட்டேன் என்கிறான்.

பாரி வரைக்கும் விமானம் பார்த்துவிட்டோம், அதற்கு அப்புறம்தான் குழப்பம். பாரியிலேயே தங்கிக்கொண்டு ஒருநாள் போய் வந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் அங்கேயே தங்கு என்கிறார்கள். அம்மா சமதளத்தில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், படி என்றால் பத்துப் பதினைந்துக்கு மேல் முழங்கால் விடாது. ஊர் முழுக்கப் படி என்று கேள்விப்பட்டதும் யோசனையாக இருக்கிறது. அப்புறம் அவர் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. கார் எடுக்கக் கணவர் தயார்தான், ஆனால் எடுக்காமல் முடியுமென்றால் நல்லது. கையில் நான்கு இரவு இருக்கிறது. போனவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்தச்சன்:

தயவுசெய்து ஒருநாள் பயணமாக வைக்காதீர்கள். காலை பத்து, பதினொன்றுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறக்கும், மாலை ஐந்துக்குள் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் போய் வருகிறவர்களுக்குக் கிடைப்பது கூட்டமும் வெயிலும்தான். அங்கேயே தங்கினால் விடிகாலையும் அந்தியும் உங்களுக்குக் கிடைக்கும், அம்மாவும் மதியம் அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுபடி வரலாம். முழங்கால் வலி இருப்பவருக்கு இதுதான் முக்கியம்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். பள்ளத்தாக்குப் பக்கமாகச் சரிகிற பழைய குடியிருப்புகளைத்தான் சாஸ்ஸி என்கிறார்கள். அதில் இரண்டு பகுதி: தெற்கே கவேயோசோ, வடக்கே பரிசானோ. இரண்டுக்கும் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிற உயரமான மேடு சிவிதா, அதன் உச்சியில் பேராலயம், 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இவை எல்லாவற்றுக்கும் பின்னால், பாறையின் மேல்தட்டில், பியானோ என்கிற சமதள ஊர் இருக்கிறது. கடைகள், சதுக்கங்கள், அருங்காட்சியகம் எல்லாம் அங்கேதான். அம்மாவை பியானோவில் வைத்துக்கொண்டால் படி ஏறாமலே முக்கால்வாசிக் காட்சியைக் காட்டிவிடலாம். படத்தில் நீங்கள் பார்த்ததில் பல, மேலிருந்து கீழே பார்த்து எடுத்தவைதான்.

எப்படி நடப்பது என்று சொல்கிறேன். பியாத்சா வித்தோரியோ வெனெத்தோ என்ற பெரிய சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்கே மூன்று வளைவுகளுக்குப் பின்னால் ஒரு முகப்பு மாடம் இருக்கிறது, பரிசானோ பக்கம் முழுக்கத் தெரியும். அங்கிருந்து வியா தெல் கோர்சோ வழியாக சான் பிரான்செஸ்கோ சதுக்கம், அப்புறம் வியா ரிதோலா. வண்டி வராத தெரு, பெரும்பாலும் சமதளம். வழியில் புர்கத்தோரியோ என்ற சிறிய கோயிலின் கதவில் மண்டையோடுகள் செதுக்கியிருக்கும், பையன் விட மாட்டான். தெரு முடிகிற இடத்தில் பாஸ்கோலி சதுக்கம், கீழே கவேயோசோ மொத்தமும் விரிந்து கிடக்கும். உட்கார இடம் உண்டு. மாலையில் அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மூவரும் கீழே இறங்கி ஏறி வரலாம். பேராலயத்துக்கும் செதிலே சதுக்கத்திலிருந்து வியா துவோமோ வழியாக ஏற்றப் பாதை இருக்கிறது, படிக்கட்டு இல்லை, நின்று நின்று போனால் அம்மாவால் முடியும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். அந்த ஊரை வெறும் குகை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்தப் பாறை மென்மையான சுண்ணாம்பு மணற்கல், அவர்கள் தூஃபோ என்கிறார்கள். உள்ளே குடைந்து எடுத்த கல்லையே அறுத்து வீட்டின் முன்பக்கத்தைக் கட்டினார்கள். ஒருவர் வீட்டுக் கூரை அடுத்தவருக்குத் தெரு. மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வீணாகாமல் வாய்க்கால் வழியாக நிலத்தடித் தொட்டிகளுக்குப் போகும். நாலைந்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஒரு தொட்டி. அக்கம்பக்கம் சேர்ந்து வாழ்ந்த இந்த அமைப்புக்கு விச்சினாத்தோ என்று பெயர். அறிவோடு செய்த ஊர் அது.

கெட்டுப்போனது பின்னால்தான். 1663 முதல் பசிலிக்காத்தா மாகாணத்தின் தலைநகராக இருந்த மத்தேராவிடமிருந்து 1806இல் அந்த இடம் பொத்தென்சாவுக்குப் போனது. அதன் பிறகு ஊர் வளமிழந்தது, ஆனால் மக்கள் தொகை ஏறிக்கொண்டே போனது. தானியக் கிடங்கும் தொழுவமும் வீடாயின. தண்ணீர்த் தொட்டிகள்கூட வீடாக மாறின. ஒரே குகையில் பெரிய குடும்பம், பின்னால் கோவேறு கழுதை, கட்டிலுக்கு அடியில் கோழி. மலேரியா, குழந்தைச் சாவு. முசோலினி அரசு அந்த மாகாணத்துக்குத் தண்டனையாக அனுப்பிவைத்த கார்லோ லேவி என்ற மருத்துவர் இதை எழுதி, போர் முடிந்த 1945இல் அது வெளிவந்தபோது இத்தாலி முழுக்க அதிர்ந்தது. "தேசத்தின் அவமானம்" என்றே சாஸ்ஸியைச் சொன்னார்கள். பிரதமர் தே காஸ்பெரி 1950இல் நேரில் வந்து பார்த்தார், 1952இல் தனிச் சட்டம் வந்தது. சுமார் 15,000 பேர் படிப்படியாகப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். காலியான வீடுகளுக்குள் யாரும் திரும்பப் போகாதபடி வாசல்களைச் சுவர் வைத்து அடைத்தார்கள். 1986இல் மறுசீரமைப்புச் சட்டம், 1993இல் யுனெஸ்கோ அங்கீகாரம், 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர். அவமானம் என்று ஒதுக்கிய இடம் நாற்பதே ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. இன்று விலையுயர்ந்த அறைகளாக இருக்கும் அதே குகைகளில் பிறந்தவர்கள் இன்னும் அந்த ஊரில் உயிரோடு நடமாடுகிறார்கள். அதை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஊரே வேறாகத் தெரியும்.

அதனால் முதல் வேலையாக பேராலயத்துக்குப் பக்கத்திலிருக்கும் காசா நோஹாவுக்குப் போங்கள். பழைய வீடு ஒன்றின் சுவர்களிலேயே ஊரின் வரலாற்றை ஒளிப்படமாக ஓட்டுகிறார்கள். அப்புறம் நீங்களும் பையனும் கவேயோசோவில் வீக்கோ சொலித்தாரியோ சந்திலிருக்கும் குகை வீட்டைப் பாருங்கள், காசா குரோத்தா என்று பலகை இருக்கும். கட்டில், தறி, தொழுவம் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே தனிப் பாறையில் நிற்பது சாந்தா மரியா தே இத்ரிஸ் குகைக் கோயில். சாந்தா லூச்சியா அல்லே மால்வே கோயிலும் அந்தப் பக்கம்தான், சுவரோவியங்கள் நன்றாக இருக்கும். குகைக் கோயில்களுக்குள் படம் எடுக்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள்.

பலோம்பாரோ லுங்கோவை விட்டுவிடாதீர்கள். வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்துக்கு நேர் கீழே பாறையில் வெட்டிய ராட்சதத் தண்ணீர்த் தொட்டி, கிட்டத்தட்ட 50 லட்சம் லிட்டர் கொள்ளும். ஓட்டுத் தூளும் சுண்ணாம்பும் கலந்த சாந்து பூசியிருக்கிறார்கள், இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. மறந்தே போயிருந்ததை 1991இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இதில் இறங்கப் படி உண்டு, அம்மாவுக்கு வேண்டாம்.

ரொட்டிவாசம்:

நான் பாரியில் இருக்கிறேன், அதனால் போக்குவரத்தும் சாப்பாடும் மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் கல்தச்சன் சொல்லிவிட்டார்.

பாரி மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தனிக் கட்டடத்தில் இன்னொரு நிலையம் இருக்கிறது, ஃபெரோவியே அப்புலோ லுகானே என்று எழுதியிருக்கும். மத்தேரா ரயில் அங்கிருந்துதான். குறுகிய பாதை ரயில், ஒன்றரை மணியிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும், சில வண்டிகளுக்கு அல்தமூராவில் மாற வேண்டும். வண்டி பாதியில் பிரிவதும் உண்டு, எந்தப் பெட்டி மத்தேராவுக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மத்தேரா சென்த்ராலேயில் இறங்கினால் பியானோவிலேயே இருப்பீர்கள், பெரிய சதுக்கம் சில நிமிட நடை, அதுவும் சமதளம். விமான நிலையத்திலிருந்து நேராக மத்தேராவுக்குப் பேருந்தும் இருக்கிறது. பெட்டி, அம்மா, பையன் எல்லாம் சேர்ந்து வரும் அன்றைக்கு அதுதான் சௌகரியம்.

சாப்பாட்டில் அம்மாவுக்குப் பெரிய கஷ்டம் இருக்காது. ஏழைகளின் சமையல்தான் அந்தப் பக்கத்துச் சமையல், இறைச்சி விசேஷ நாளில் மட்டும் கிடைத்த ஜனங்கள், அதனால் பருப்பும் கீரையும் ரொட்டியும்தான் அடிப்படை. முதலில் ஃபாவே எ சிக்கோரியா. உலர்ந்த மொச்சைப் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, கசப்புக் கீரை வைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். வேறு எதுவும் கிடையாது, அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். கிராப்பியாத்தா என்று ஒரு கஞ்சி, கொண்டைக்கடலை, பீன்ஸ், பயறு, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்தது. அறுவடை முடிந்து ஆகஸ்ட் 1 அன்று அக்கம்பக்கத்தார் எல்லாம் ஆளுக்கொரு கைப்பிடி தானியம் போட்டுப் பொதுவாகக் காய்ச்சிய கஞ்சி அது. சில கடைகளில் மற்ற நாட்களிலும் கிடைக்கிறது.

பெப்பரோனே கிருஸ்கோவை எல்லாவற்றின் மேலும் தூவுவார்கள். செனிசே என்ற ஊரில் விளையும் சிவப்பு மிளகாயைக் கோர்த்துக் காயவைத்து எண்ணெயில் ஒரு நொடி பொரிப்பது, நம்ம மோர் மிளகாய் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், ஆனால் துளியும் காரம் கிடையாது. கவத்தெல்லி பாஸ்தாவோடு அதையும் வறுத்த ரொட்டித் தூளையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே பாஸ்தாவைப் பொதுவாக ரவையும் தண்ணீரும் மட்டும் வைத்துச் செய்வார்கள், முட்டை இருக்காது. ஓரெக்கியெத்தே, கவத்தெல்லி இரண்டும் அப்படித்தான், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்: சீமே தி ராப்பா என்ற கீரையோடு வரும் ஓரெக்கியெத்தேயில் நெத்திலி கரைத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. "சென்சா அச்சூகே" என்று சொல்லியே ஆக வேண்டும். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். சியால்லெத்தா என்பது பழைய ரொட்டியை நனைத்துத் தக்காளி, வெங்காயம் போட்டது, குளிர்ந்ததாக வருவது சரி, சூடாகத் தருவதில் முட்டை இருக்கும். பெக்கொரினோ, காச்சோரிக்கோத்தா போன்ற பாலாடைக்கட்டிகளை உறைய வைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பதைப் பயன்படுத்துவார்கள். அம்மா அந்த அளவு பார்ப்பவர் என்றால் "சென்சா ஃபொர்மாஜ்ஜோ" என்று சொல்லிவிடுங்கள்.

ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பெயருக்கு மரியாதை இல்லை. மத்தேரா ரொட்டிக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. கெட்டிக் கோதுமை ரவை, புளித்த மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். கொம்பு மாதிரி வளைந்து பெரிதாக இருக்கும், ஒரு வாரம் வரை கெடாது. முன்பு எல்லோரும் வீட்டில் பிசைந்து பொது அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்கள், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் மர முத்திரை ஒன்று இருந்தது, ஆடு மேய்ப்பவர்கள் செதுக்கியது. அந்த முத்திரைகளைக் கடைகளில் இப்போதும் விற்கிறார்கள். ஊருக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்குள் முடிந்துவிடும், இரவு ஏழரைக்கு முன்னால் அடுப்பே மூட்ட மாட்டார்கள். அம்மாவுக்கு இரவில் சீக்கிரம் சாப்பிடும் பழக்கம் என்றால் ரொட்டி, தக்காளி, பழம் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரதேசி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான்கு இரவையும் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டால் பசிலிக்காத்தாவைப் பார்த்ததாக ஆகாது. ரயிலில் போங்கள், இரண்டு நாள் ஊரைப் பாருங்கள், ஆனால் ஒரு நாளைக்காவது மத்தேராவிலேயே கார் வாடகைக்கு எடுங்கள். படி ஏற முடியாத அம்மாவுக்கு உண்மையில் கார் நாள்தான் சுலபமான நாளாக இருக்கும்.

முதலில் எதிர்க்கரை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் முர்ஜா பூங்கா, அங்கே முர்ஜா திமோனே என்ற முகப்பிலிருந்து பார்த்தால் சாஸ்ஸி முழுவதும் எதிரே நிற்கும். சாலை வழியாகச் சுற்றிப் போகலாம், கடைசியில் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கலாம், ஆனால் படி இல்லை. காலையில் வெயில் முகத்தில் அடிக்காமல் ஊரின் மேல் விழும், அப்போது போங்கள்.

அங்கிருந்து ஆதிபாவக் குகைக்குப் போகலாம், கிரிப்தா தெல் பெக்காத்தோ ஒரிஜினாலே. ஊரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். லொம்பார்து (இடைக்காலத்தில் இத்தாலியை ஆண்ட ஓர் இனம்) காலத்து ஓவியங்கள், ஆதாம் ஏவாள் கதை, இடமெல்லாம் சிவப்புப் பூக்கள். ஓவியர் பெயர் யாருக்கும் தெரியாது, "மத்தேராவின் மலர் ஓவியர்" என்றே சொல்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் அதை நூறு புனிதர் குகை என்று அழைத்து ஆட்டை அடைத்து வைத்திருந்தார்கள், 1963இல் உள்ளூர் இளைஞர்கள்தான் அதன் மதிப்பை வெளியே கொண்டுவந்தார்கள். முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள். குகைக்கு இறங்கும் வழி எப்படி இருக்கும் என்று பதிவு செய்யும்போதே அம்மாவுக்காகக் கேளுங்கள்.

மதியத்துக்கு மெத்தாபொந்தோ. தெற்கே கடலோரம், முக்கால் மணி நேரம். கிரேக்கர்கள் குடியேறிய ஊர், பித்தாகரஸ் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்து இறந்தார் என்று மரபு. கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஹேரா கோயிலின் 15 தூண்கள் இன்னும் நிற்கின்றன, தாவோலே பலத்தீனே என்று பெயர். தரை சமதளம், கூட்டமே கிடையாது. பையன் பள்ளிக்கூடத்தில் பித்தாகரஸ் தேற்றம் படிக்கும்போது இந்த இடம் நினைவுக்கு வரும்.

கிராக்கோவை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். 1963 நிலச்சரிவில் காலியாகத் தொடங்கி 1980 நிலநடுக்கத்துக்குப் பிறகு முற்றிலும் கைவிடப்பட்ட மலையூர். வழிகாட்டியோடு தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடியும், பாதை கரடுமுரடு. உங்கள் அம்மாவோடு அது வேண்டாம், சாலையிலிருந்தே மலைமேல் தெரிகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

ஒரு விஷயம், கார் எடுத்தால் சாஸ்ஸிக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். தடை செய்யப்பட்ட பகுதி, கேமரா இருக்கிறது, அபராதம் ஜெர்மனி வரைக்கும் வரும். பியானோவில் கட்டண நிறுத்தத்தில் விடுங்கள்.

மழைச்சாரல்:

ஒவ்வொருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி கதையும் பொதுக் கஞ்சி கதையும் கேட்டுவிட்டு "அப்போ அங்கேயே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார், மத்தேராவிலேயே நான்கு இரவு என்று முடிவு. தூரதேசி சொன்னபடி ஒரு நாள் கார்.

மீதி இரண்டு சந்தேகம். பையன் குகை அறையில்தான் தூங்குவேன் என்று அடம். அம்மாவோடு அது சரிப்படுமா? இரண்டாவது, நாங்கள் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை மதியம், ரயில் இருக்குமா?

சாந்துக்கரண்டி:

கட்டட வேலையில் இருக்கிறேன், குகை அறை பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும் கல். கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருப்பது அதன் பெரிய நல்ல குணம், ஆனால் ஏப்ரலில் வெளியே இதமாக இருக்கும்போது உள்ளே ஈரமும் சில்லிப்பும் தேங்கியிருக்கும். நன்றாகச் செய்த இடங்களில் தரைக்கு அடியில் சூடேற்றும் குழாயும் ஈரத்தை இழுக்கும் கருவியும் இருக்கும். முழுக்கக் குடைந்த அறைக்குப் பின்சுவரில் ஜன்னலே இருக்காது, கதவு ஒன்றுதான் காற்று. மூட்டு வலி இருப்பவர்களுக்கு அந்த ஈரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முன்பாதி கட்டியது, பின்பாதி குடைந்தது என்று இருக்கும் அறைகள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்து அம்மாவை ஜன்னல் பக்கம் படுக்க வைத்தால் இரண்டு பேரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

பதிவு செய்வதற்கு முன்னால் விடுதிக்காரரிடம் நேராக எழுதிக் கேளுங்கள்: வண்டி நிற்கும் கடைசி இடத்திலிருந்து அறை வாசல் வரை எத்தனை படி, ஏறுவதா இறங்குவதா, அறைக்குள்ளே படி உண்டா, குளியலறை எந்த மட்டத்தில். உள்ளேயும் இரண்டு மூன்று மட்டங்களாகத்தான் குடைந்திருப்பார்கள். படம் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பதில் தெளிவாக வராத இடத்தை விட்டுவிடுங்கள். சக்கரப் பெட்டி அந்தக் கல் தெருக்களில் உருளாது, பெட்டி தூக்க ஆள் அனுப்புவார்களா என்றும் கேளுங்கள்.

கல்தச்சன்:

சாந்துக்கரண்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது: பரிசானோவின் மேல் விளிம்பில், பியானோவிலிருந்து சில படி மட்டும் இறங்கும் இடத்தில் அறை பாருங்கள். கவேயோசோவின் அடிவாரம் வேண்டவே வேண்டாம்.

பையனுக்காக இரண்டு விஷயம். பழைய ஊரின் ஓட்டு இடுக்குகளில் சிறிய வல்லூறு இனம் ஒன்று கூடு கட்டுகிறது, கிரில்லாயோ என்பார்கள். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் கூட்டமாகத் திரும்பும், ஏப்ரல் கடைசியில் தலைக்கு மேலே வட்டமிடுவதை நன்றாகப் பார்க்கலாம். பாஸ்கோலி சதுக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டே பார்க்கட்டும். அப்புறம் அந்தக் கல்லை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், கிளிஞ்சல் துண்டுகள் தெரியும். அந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. 2006இல் பக்கத்து சான் ஜூலியானோ ஏரிக்கரையில் பிரம்மாண்டமான திமிங்கல எலும்புகளே கிடைத்தன.

பள்ளத்தாக்கின் அடியில் ஓடையைக் கடக்கத் தொங்குபாலம் ஒன்று உண்டு, போர்த்தா பிஸ்தோலா பக்கத்திலிருந்து பாதை இறங்குகிறது. செங்குத்தான இறக்கம், திரும்ப ஏறவும் வேண்டும். கணவரும் பையனும் நல்ல காலணியோடு காலையில் போகலாம். மழை பெய்திருந்தால் மூடிவிடுவார்கள், முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

நடுக்கோடை:

ஏப்ரல் முடிவு செய்தாகிவிட்டது, இருந்தாலும் வேறு யாராவது இதைப் படித்து ஜூலைக்கு யோசித்தால் ஒரு வார்த்தை: ஜூலை 2 அன்று மதோன்னா தெல்லா புரூனா திருவிழா, 1389 முதல் நடப்பதாகச் சொல்கிறார்கள். விடிவதற்கு முன்னாலேயே மேய்ப்பர்கள் ஊர்வலம் தொடங்கிவிடும். காகிதக் கூழில் மாதக்கணக்கில் செய்த பெரிய தேர் இரவில் மாதாவின் சிலையைப் பேராலயத்தில் இறக்கிவிட்டு வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்துக்கு வரும், காத்திருக்கும் கூட்டம் அதன்மேல் பாய்ந்து துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போகும். ஒரு துண்டு வீட்டில் இருந்தால் நல்லது என்று நம்பிக்கை. அடுத்த ஆண்டுக்குப் புதிதாகச் செய்வார்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியது, ஆனால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அந்தச் சதுக்கத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அறை ரொம்ப முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும்.

ரொட்டிவாசம்:

ஞாயிறு கேள்விக்கு: அந்த ரயில் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் ஓடும் என்று நம்பி வராதீர்கள், அன்றைய அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் விமான நிலையத்திலிருந்து நேராகப் போகும் பேருந்தைப் பிடியுங்கள், நேரத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அம்மாவோடு அது வேண்டாம்.

இன்னொன்று, ஏப்ரல் 25 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள், இரண்டும் இங்கே விடுமுறை. அந்த வாரத்தில் இத்தாலிக்காரர்களே மத்தேராவுக்குத் திரளாக வருவார்கள். உங்கள் தேதி அதில் விழுந்தால் அறையையும் ஆதிபாவக் குகையையும் காரையும் இன்றைக்கே பதிவு செய்யுங்கள், ஊர் பார்ப்பதைக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் திரும்பும்போது சாதாரண வேலை நாளாக இருந்தால் ரயிலில் வாருங்கள், வழியில் அல்தமூராவில் இறங்கலாம். இரண்டாம் ஃப்ரெடெரிக் மன்னர் 1232இல் தொடங்கிய பேராலயம், வாசலில் கல் சிங்கங்கள், பக்கத்திலேயே விறகடுப்பு ரொட்டிக் கடைகள். பழைய ஊர் பெரிதாக ஏற்ற இறக்கம் இல்லாதது. 1993இல் அந்த ஊருக்கு வெளியே ஒரு குகைக்குள் பாறையோடு பாறையாக ஒட்டிப்போன நியாண்டர்தால் மனிதனின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. குகைக்குள் யாரையும் விடுவதில்லை, ஊரிலிருக்கும் அருங்காட்சியகத்தில் அதைப் பற்றி விளக்கமாக வைத்திருக்கிறார்கள். பெட்டியை என்ன செய்வது என்றுதான் கேட்பீர்கள். அல்தமூரா நிலையத்தில் பெட்டி வைக்கும் இடத்தை நம்பி வராதீர்கள். காலையில் மத்தேரா விடுதியிலேயே பெட்டியை விட்டுவிட்டு அல்தமூராவுக்குப் போய்த் திரும்பி வந்து, மாலைப் பேருந்தில் விமான நிலையம் போவது உங்கள் நான்கு பேருக்கும் சுலபம். விமான நேரத்தைச் சொல்லுங்கள், எந்த வண்டி சரியாக வரும் என்று பார்த்து எழுதுகிறேன்.